வெளிச்சத்தை ஆட வைத்த லோயி ஃபுல்லர்

போன கல்ச்சுரல்ஸ்ல நீங்க முன் வரிசையில் உட்கார்ந்து க்ரூப் டான்ஸ் பார்த்திருப்பீங்க. பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி ஆடிட்டோரியம் முழுக்க இருட்டாச்சு. அப்புறம் பின்னாடியிருந்து ஒரே ஒரு நீல வெளிச்சம். ஆடப்போறவங்க முகம் தெரியல, உருவம் மட்டும் தெரிஞ்சது. அந்த நொடியில்தான் எல்லாரும் விசில் அடிச்சீங்க. யோசிச்சுப் பாருங்க, அப்போ யாரும் இன்னும் ஆடவே ஆரம்பிக்கல. உங்களை விசில் அடிக்க வைத்தது கடைசி வரிசைக்குப் பின்னாடி, கன்ட்ரோல் போர்டுல உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தர்.

இருட்டில் ஆரம்பித்து, வெளிச்சத்தால் மட்டுமே ஒரு உருவத்தைக் கொண்டுவரும் இந்த வேலையை நூற்று முப்பது வருடங்களுக்கு முன்னாடியே முழுநேரத் தொழிலாகச் செய்தவர் ஒருத்தர் உண்டு. அவர் பெயர் லோயி ஃபுல்லர். முறையாக நடனம் படித்தவர் இல்லை. இன்ஜினியரிங்கும் படித்தவர் இல்லை. ஆனால் அவர் கையில் பேட்டன்ட் இருந்தது, சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது, மேரி கியூரி அவருக்குத் தோழி. நம்ம மாதிரி ஆளுங்க கட்டாயம் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய வாழ்க்கை இது.

அவர் பிறந்த வருடம் நடந்த ஒரு விபத்து

1862-ல் அமெரிக்காவில், சிகாகோவுக்குப் பக்கத்தில் ஃபுல்லர்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் லோயி பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மேரி லூயிஸ். அதே 1862-ல் கடலுக்கு அந்தப் பக்கம், பாரிஸில் ஒரு கொடுமை நடந்தது. எம்மா லிவ்ரி என்ற இருபது வயது பாலே நடனக்காரி ஒத்திகையில் இருந்தபோது, அவருடைய மெல்லிய பாவாடை மேடையோர கேஸ் விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு அடுத்த வருடம் இறந்துபோனார்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. துணியை ரசாயனத்தில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அப்படி நனைத்தால் துணி விறைப்பாகிவிடும், நிறமும் மங்கும். அதனால் பாலே ஆடுபவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். மெல்லிய துணியில் வெளிச்சம் பட்டால் அழகு, ஆனால் அந்த வெளிச்சம் நிஜ நெருப்பு. அந்தக் கால மேடையின் சிக்கல் இதுதான்.

கேஸ் விளக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. நினைத்த இடத்தில் வைக்க முடியாது. மேடை முன் விளிம்பில் ஒரு வரிசை, இரண்டு பக்கமும் ஒரு வரிசை, அவ்வளவுதான். எல்லாம் மஞ்சளாக, பொதுவாக ஒரு வெளிச்சம். பார்வையாளர் பக்கமும் பெரும்பாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1881-ல் லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குப் போட்டது. மற்ற தியேட்டர்களும் மெல்ல மாறின. ஆனால் பெரும்பாலான இடங்களில் பழைய விளக்கு இருந்த இடத்தில் புது விளக்கை மாட்டினார்கள், அவ்வளவுதான். புதுக் கருவி கையில் வந்தும் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தார்கள். அதை வைத்து வேற என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

நீளமான ஒரு பாவாடை

லோயி சின்ன வயசிலேயே மேடையேறிவிட்டார். நாடகம், பாட்டு, நகைச்சுவை, ஊர் ஊராகச் சுற்றும் கம்பெனி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். பெரிய பெயர் ஒண்ணும் கிடைக்கல. முப்பது வயதை நெருங்கும்போது, 1891-ல், ஒரு நாடகத்தில் சின்ன வேடம் வந்தது. டாக்டர் ஒருவர் ஒரு பெண்ணை ஹிப்னாடிசம் செய்வது போன்ற காட்சி. மேடையில் பச்சை வெளிச்சம். லோயி போட்டிருந்த பட்டுப் பாவாடை அளவுக்கு மீறி நீளம். தடுக்கி விழாமல் இருக்க இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை முழுக்க மிதப்பது போல் ஓடினார். உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பட்டாம்பூச்சி என்று கத்தினார்களாம். அப்புறம் ஆர்க்கிட் பூ என்று கத்தினார்களாம். பின்னாளில் எழுதிய சுயசரிதையில் இதை அவரே சொல்கிறார்.

வேற யாராவது இருந்தா, கைதட்டல் கிடைச்சது என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. லோயி வீட்டில் கண்ணாடி முன் நின்று அதே துணியைப் போட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த வெயில் பட்டை ஊடுருவியது. கையை எந்தக் கோணத்தில் ஆட்டினால் துணியில் எந்த மாதிரி அலை வருகிறது, அந்த அலை எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் குறித்துக்கொண்டார். நம்ம பாஷைல சொன்னா, ஒரு லேப் ரெக்கார்டே போட்டுவிட்டார்.

அதிலிருந்து பிறந்ததுதான் பாம்பு நடனம் என்று புகழ்பெற்ற ஆட்டம். உடம்பு வளைவது அதில் முக்கியமே இல்லை. உடம்பைச் சுற்றி எழும் துணியும், அந்தத் துணியில் விழும் வெளிச்சமும்தான் ஆட்டம். பட்டு ஏன் தெரியுமா? அது மெல்லியது, கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும், கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். முன்னாடியிருந்து வெளிச்சம் விழுந்தால் மேல்பரப்பு மினுங்கும். பின்னாடியிருந்து விழுந்தால் துணியே விளக்கு மாதிரி ஒளிரும். பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைத்து ஆழம் தெரியும். இன்றைக்கும் நடனத்துக்கு லைட் போடுபவர்கள் பக்கவாட்டு வெளிச்சத்தை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். முன்னாடி மட்டும் வெளிச்சம் போட்டால் ஆள் தட்டையாக, போஸ்டரில் ஒட்டின மாதிரி தெரிவார்.

கோர்ட்டில் தோல்வி

1892 ஆரம்பத்தில் நியூயார்க்கில் இந்த ஆட்டம் நன்றாக ஓடியது. ஓடின வேகத்தில் காப்பியும் வந்துவிட்டது. லோயி அந்த வேலையை விட்டு வந்ததும், வேறொரு நடனக்காரி அதே மாதிரி பாவாடை, அதே மாதிரி வெளிச்சத்தோடு ஆட ஆரம்பித்தார். லோயி சும்மா இருக்கவில்லை. தன் நடனம் எப்படி நகர்கிறது என்று எழுத்தில் விவரித்துக் காப்புரிமைக்குப் பதிவு செய்திருந்தார். அதை வைத்து வழக்குப் போட்டார்.

1892 ஜூனில் தீர்ப்பு வந்தது. லோயிக்கு எதிராக. காப்புரிமை வேண்டும் என்றால் அது நாடகம் என்ற வகைக்குள் வர வேண்டும், நாடகம் என்றால் அதில் கதை இருக்க வேண்டும், இந்த ஆட்டத்தில் கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை, இருப்பது அசைவும் ஒளியும் சேர்ந்த ஒரு காட்சி மட்டுமே, அதற்குப் பாதுகாப்புத் தர முடியாது என்பது நீதிபதியின் முடிவு.

ராத்திரி பகலாக உட்கார்ந்து நீங்க செய்த ப்ராஜெக்டை ஒருத்தன் அப்படியே எடுத்துத் தன் பெயரில் கொடுத்து, அதுவும் கோர்ட்டே அது உன்னுது என்று சொல்ல முடியாது என்றால் எப்படி இருக்கும்? லோயிக்கு அப்போது முப்பது வயது. கையில் பெரிய பணமும் இல்லை. அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்.

பாரிஸில் ஃபோலி பெர்ஜேர் என்ற பிரபல அரங்கத்துக்கு வாய்ப்புக் கேட்டுப் போனால், அங்கேயும் ஏற்கெனவே ஒருத்தர் அதே பாம்பு நடனத்தை ஆடிக்கொண்டிருந்தார்! உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார் லோயி. பார்த்து முடித்ததும் கோபம் போய்த் தைரியம் வந்துவிட்டது. காரணம், காப்பி அடித்தவரிடம் துணி இருந்தது, வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு இல்லை. மேனேஜரிடம் தானே ஆடிக் காட்டினார். 1892 நவம்பர் 5 அன்று அதே மேடையில் தன் சொந்தப் பெயரில் ஏறினார். அன்றிலிருந்து பாரிஸ் அவருடைய ஊராகிவிட்டது.

மேடைக்குப் பின்னாடி நடந்த இன்ஜினியரிங்

இப்போ கொஞ்சம் டெக்னிக்கலா பார்ப்போம். அவர் முதலில் செய்தது வெளிச்சத்தைக் கூட்டுவது இல்லை, குறைப்பது. மேடையைச் சுற்றிலும் கறுப்புத் துணி தொங்கவிட்டார். பார்வையாளர் பக்கம் விளக்கை முழுக்க அணைக்கச் சொன்னார். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்போ அரங்கத்தில் ஒளி படும் ஒரே பொருள் அவருடைய பட்டு மட்டும்தான். கண்ணுக்கு வேற எதுவும் சிக்காது.

அடுத்தது விளக்கு. இரண்டு கார்பன் கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் ஆர்க் விளக்குகளைப் பயன்படுத்தினார். பயங்கரமான வெளிச்சம். ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் பல நிறக் கண்ணாடியோ ஜெலட்டினோ பொருத்திய ஒரு சக்கரம் இருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் நின்று அதைக் கையாலேயே சுழற்றுவார். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை, இரண்டும் சேர்ந்து விழும் மடிப்பில் மஞ்சள். துணி அசைய அசைய அந்த எல்லைகளும் அசையும். பெயின்ட் கலப்பது வேற, ஒளி கலப்பது வேற என்று நாம பிளஸ் டூவில் படித்ததை அவர் மேடையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இத்தனை விளக்குக்கும் ஆட்கள் வேண்டும். ஒரு பெரிய எலக்ட்ரீஷியன் குழுவே அவருடன் வேலை செய்தது. அவருடைய சகோதரர்களும் அதில் உண்டு. வாக்கி டாக்கி கிடையாது, ஹெட்செட் கிடையாது. ஆடிக்கொண்டே குதிகாலால் தரையைத் தட்டியும் கையசைவாலும் சைகை கொடுப்பார். அதைப் பார்த்து நிறம் மாறும். அதாவது ஆடுபவரே ஷோவை நடத்துபவரும். ஒரு ஆள் ஒரு விநாடி தாமதித்தாலும் அந்த நிறம் தவறான அலையில் விழும். ஒத்திகை எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணி பெரிதாகப் பெரிதாகக் கை எட்டவில்லை. அதற்கு மூங்கில் அல்லது அலுமினியத்தில் நுனி வளைந்த கோல்களைத் துணிக்குள் வைத்துத் தைத்தார். கை நீளம் பல மடங்கு கூடிவிட்டது. நெம்புகோல் தத்துவம்தான், ஆனால் பாரம் முழுக்கத் தோளில். இந்த உடைக்கு 1894-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கினார். எண் 518347. கண்ணாடிகளைக் கோணமாக நிறுத்தி நடுவே விளக்கு வைத்து, ஒரு ஆள் ஆடினால் பலர் ஆடுவது போலக் காட்டும் அமைப்பு உட்பட, மேடை ஏற்பாடுகளுக்கும் பேட்டன்ட் பெற்றார். நடனத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது என்று சட்டம் சொன்னது அல்லவா? சரி, நடனத்தை உருவாக்கும் கருவிக்குப் பாதுகாப்பு வாங்குகிறேன் என்று வேறு கதவைத் தட்டினார். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

1890-களின் நடுவில் நெருப்பு நடனம் வந்தது. மேடைத் தரையில் கண்ணாடி பதித்து அதன் கீழே விளக்கு வைத்தார். சிவப்பும் ஆரஞ்சும் கீழிருந்து மேலே பாயும். நாம் தினமும் பார்க்கும் வெளிச்சம் மேலிருந்து வருவது, சூரியனும் சரி, டியூப் லைட்டும் சரி. கீழிருந்து வந்தால் நிழல் தலைகீழாகிவிடும், பழகிய உருவமே அந்நியமாகத் தெரியும். பட்டு மேலே எழும்பும்போது ஒரு பெண் தீயின் நடுவில் நின்று ஆடுவது போல இருந்தது. எம்மா லிவ்ரி எரிந்துபோன அதே பாரிஸில், முப்பது சொச்சம் வருடம் கழித்து, ஒரு பொறி நெருப்பு கூட இல்லாமல் மேடை முழுக்க நெருப்பு.

கியூரி வீட்டில் ஒரு மாலை

1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். இருட்டில் தானாக ஒளிரும் பொருள் என்று செய்தி பரவியது. லோயிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விளக்கே இல்லாமல் ஒளிரும் பட்டாம்பூச்சிச் சிறகு செய்யலாமே என்று நேராகக் கியூரி தம்பதிக்கே கடிதம் எழுதிவிட்டார். அவர்கள் சிரித்துத் தள்ளிவிடவில்லை. ரேடியத்தை வைத்து அது ஏன் நடக்காது என்று பொறுமையாகப் பதில் எழுதினார்கள்.

அந்தப் பதிலுக்கு நன்றியாக, அவர்கள் வீட்டிலேயே வந்து ஆடிக் காட்டுகிறேன் என்றார் லோயி. பாரிஸில் கெல்லர்மன் சாலையில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்கு எலக்ட்ரீஷியன்கள் வந்து இறங்கி, விளக்கு மாட்டி, துணி கட்டி, சாப்பாட்டு அறையையே மேடையாக்கினார்கள். நோபல் பரிசு வாங்கிய இரண்டு பேருக்காக ஒரு தனி ஷோ. அவர்கள் நட்பு நீடித்தது. சிற்பி ரோடானைக் கியூரி குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியதும் லோயிதான்.

ரேடியம் கிடைக்காது என்றதும் அவர் யோசனையைக் கைவிடவில்லை. சொந்த ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் உப்புகளை வைத்துச் சோதனை செய்தார். 1904-ல் ரேடியம் நடனம் மேடையேறியது. ரேடியம் அதில் இல்லை, பெயர் மட்டும்தான். நல்ல வேளை என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். ரேடியம் பூசிய சிறகோடு தினமும் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முடியாது என்று நேர்மையாகச் சொன்ன ஒரு பதில் கடிதம் சில சமயம் ஒரு உயிரையும் காப்பாற்றும்.

புகழும் விலையும்

அவருடைய காலத்து ஓவியர்கள் அவரை விடவே இல்லை. துலூஸ் லோத்ரெக் அவரை லித்தோகிராஃபாக வரைந்து, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக நிறம் கொடுத்தார். ரவூல் லார்ஷ் என்ற சிற்பி அவருடைய உருவத்தில் உள்ளே பல்பு எரியும் மேஜை விளக்கே செய்துவிட்டார். 1900 பாரிஸ் கண்காட்சியில் லோயிக்கு என்றே ஒரு தனி அரங்கம் எழுந்தது. அந்த மேடையை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பானிலிருந்து வந்த நடிகை சதா யாக்கோவை அதில் ஏற்றினார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இசடோரா டங்கன் ஆரம்பத்தில் லோயியின் குழுவோடுதான் ஐரோப்பாவில் பயணம் போனார்.

ஆனால் உடம்பு கணக்கு வைத்துக்கொண்டே இருந்தது. இரவுக்கு இரவு ஆர்க் விளக்குகளை நேருக்கு நேராகப் பார்த்துப் பார்த்துக் கண் பாதிக்கப்பட்டது. கனமான கோல்களைச் சுழற்றித் தோள் வலி. வயதான பிறகு, நான் ஆடவில்லை என்றால் என்ன, வெளிச்சம் ஆடும் என்ற முடிவுக்கு வந்தார். இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக் குழுவாக ஆடவைத்தார். சினிமாவும் எடுத்துப் பார்த்தார். 1928 ஜனவரி 1 அன்று பாரிஸில் நிமோனியாவால் இறந்தார். வயது 65.

இப்போ யூட்யூபில் அவர் பெயரைத் தேடினால் பாம்பு நடனம் என்று சில பழைய படங்கள் வரும். எடிசன் கம்பெனி எடுத்தது, லூமியர் சகோதரர்கள் எடுத்தது. ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் நிறம் தீட்டிய அருமையான படங்கள். பாருங்க, ரசிங்க. ஆனா அதில் ஆடுவது லோயி கிடையாது, அவரைப் பின்பற்றி ஆடியவர்கள். காப்பி பிரச்சினை அவரைக் கடைசி வரைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் விடவில்லை.

சட்டம் மெல்ல வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் நடன அமைப்புக்கு வெளிப்படையாகக் காப்புரிமை தரும் சட்டம் 1976-ல்தான் நிறைவேறியது. நம்ம நாட்டு 1957 காப்புரிமைச் சட்டம் அதற்கு முன்பே நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்த்துவிட்டது. ஒரே நிபந்தனை, அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். கொரியோகிராஃபி செய்யும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. லைட்டிங்குக்கு அமெரிக்காவின் டோனி விருது முதன்முதலில் 1970-ல் கொடுக்கப்பட்டது. லோயி இறந்து 42 வருடம் கழித்து.

அடுத்த கல்ச்சுரல்ஸ் ஒத்திகைக்கு நீங்க போனா ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. முன் லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டு, பக்கவாட்டில் ஒரே ஒரு லைட்டை இடுப்பு உயரத்துக்கு வெச்சு, ஒருத்தரை ஒரு துப்பட்டாவைச் சுழற்றச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எதிர்ப்பக்கத்தில் வேற நிறத்தில் இன்னொரு லைட். லோயி கண்ணாடி முன் நின்று பார்த்தது என்னன்னு உங்களுக்கே புரியும்.

இன்னொண்ணு. நிகழ்ச்சி அழைப்பிதழ் அடிக்கும்போது ஆடுறவங்க பெயர் எல்லாம் வரும், பாடுறவங்க பெயர் வரும். அந்தக் கன்ட்ரோல் போர்டுல உட்கார்ந்திருக்கிறவங்க பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்க. ஒரு வரிதானே ஆகும்.